கேஷுவாலிட்டியில் லீன்: மஞ்சள் டேப் ஒட்டினால் கூட்டம் குறையுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்சிங் இன்சார்ஜ். மேனேஜ்மென்ட் ஒரு கன்சல்டன்டைக் கூட்டிவந்து மூன்று நாள் வகுப்பு எடுக்க வைத்தது. அலமாரிக்கெல்லாம் லேபிள், தரையெல்லாம் மஞ்சள் டேப். 'இனிமேல் நாம் லீன்' என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். இரண்டு மாதமாகியும் காரிடாரில் நிற்கும் ஸ்ட்ரெச்சர் ஒன்றுகூடக் குறையவில்லை. "கார் கம்பெனி முறை மனுஷ உயிருக்கு ஒத்துவருமா, இல்லை ஆள் குறைப்புக்கு வைத்த நல்ல பெயரா இது?" என்று கேட்கிறார்.

நான் ஒன்பது வருடம் ஒரகடம் பக்கத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்துவிட்டு, அப்புறம் மருத்துவமனை குவாலிட்டி பிரிவுக்கு மாறியவன். அதனால் சொல்கிறேன்: ஒத்துவரும். ஆனால் உங்கள் இடத்தில் நடந்ததற்கு லீன் என்று பெயர் வைத்தது கொஞ்சம் அதிகம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நாம் எல்லோரும் செய்வதைத்தான் அவர்கள் மூன்று நாள் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

விரயத்தைக் களைவதற்காக டொயோட்டா கார் கம்பெனியில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் வளர்த்தெடுத்த உற்பத்தி முறைக்கு 1988இல் ஜான் கிராஃப்சிக் என்பவர் வைத்த பெயர்தான் லீன். ஓனோ ஏழு வகை விரயங்களைச் சொன்னார். ஏழையும் மனப்பாடம் செய்யச் சொல்லி வகுப்பில் உங்களைப் படுத்தியிருப்பார்கள். மருத்துவமனைக்கு வந்தால் அதில் ஒன்றே ஒன்றுதான் பெரியண்ணன்: காத்திருத்தல். நோயாளி காத்திருப்பது மட்டுமல்ல, டாக்டர் ரிப்போர்ட்டுக்காக, நர்ஸ் டாக்டருக்காக, ரிப்போர்ட் பிரின்டருக்காக, பிரின்டர் பேப்பருக்காகக் காத்திருப்பது எல்லாமே சேர்த்திதான்.

நான் மருத்துவமனைக்கு வந்த புதிதில் பார்த்த ஒன்றைச் சொன்னால் புரியும். காலை எட்டரை மணி இருக்கும், ஐம்பது வயது தாண்டிய ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மகனுடைய பைக்கிலிருந்து இறங்கினார். நான் வாசல் ஓரமாகக் கையில் நோட்டோடு நின்றுகொண்டிருந்தேன், யாரையும் குறை கண்டுபிடிக்க அல்ல, நேரம் குறிக்க மட்டும். நெஞ்சுவலி என்று வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள வழிமுறை. செக்யூரிட்டி மகனைக் கவுன்ட்டருக்கு அனுப்பினார். கவுன்ட்டரில் பெயர், வயது, போன் நம்பர், ஆதார், 'இதற்கு முன்னால் இங்கே வந்திருக்கிறீர்களா'. பதிவு எண் விழுந்து ஸ்டிக்கர் வந்த பிறகுதான் சிஸ்டர் கேஸ் ஷீட் திறக்க முடியும். டியூட்டி டாக்டர் உடனே வந்துவிட்டார், உடனே ஈ.சி.ஜி. சொன்னார். மெஷின் இல்லை. ராத்திரி இரண்டாவது மாடி வார்டில் இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள். அட்டெண்டர் ஓடினார், லிஃப்ட் மேலே நின்றது, படியில் ஏறி, மெஷினைத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் இறங்கி வந்தால் பேப்பர் ரோல் தீர்ந்திருக்கிறது. ரோல் இருப்பது ஸ்டோரில். ஸ்டோர் திறப்பது ஒன்பது மணிக்கு. கடைசியில் ஐ.சி.யூ.விலிருந்து ஒரு ரோலைக் கெஞ்சி வாங்கி எடுத்தார்கள். வாசலில் இறங்கியதிலிருந்து 22 நிமிடம், அதில் லீட் ஒட்டி எடுத்து முடிக்க ஆன நேரம் நான்கு நிமிடம். (அவர் பிழைத்துவிட்டார், அதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது உங்களுக்கு.)

இதில் சோம்பேறி என்று யாரைச் சொல்வீர்கள்? எல்லோரும் ஓடினார்கள், வியர்வை வழிய ஓடினார்கள். பதினெட்டு நிமிடம் ஆட்களிடம் இல்லை, ஆட்களுக்கு நடுவில் இருந்தது. இதைக் கண்ணால் பார்ப்பதற்குத்தான் ஜப்பான்காரர்கள் 'கெம்பா' என்று பெயர் வைத்து, மேலதிகாரியை வேலை நடக்கும் இடத்துக்குப் போய் நிற்கச் சொன்னார்கள். கான்ஃபரன்ஸ் ரூமில் உட்கார்ந்து போட்ட ஃப்ளோ சார்ட்டில் 'ஈ.சி.ஜி. எடுத்தல்' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும். லிஃப்ட் அந்தக் கட்டத்தில் வராது.

பிறகு செய்தது மூன்று வேலை. நெஞ்சுவலி என்றால் பதிவு எண் அப்புறம், ஈ.சி.ஜி. முதலில்; ஸ்டிக்கர் இல்லாவிட்டால் பேப்பரில் கையால் பெயரும் நேரமும் எழுதினால் போதும். வார்டுக்குத் தனி மெஷின் வாங்கிக் கொடுத்தது, இதற்குத்தான் பெரிய சண்டை. மூன்றாவது பேப்பர் ரோல். வீட்டில் இரண்டு காஸ் சிலிண்டர் வைத்திருப்போமே, ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை மாட்டிவிட்டு அன்றைக்கே புக் செய்கிறோம், காலி சிலிண்டரே நமக்கு ஞாபகப்படுத்துகிறது, கணக்கு நோட்டு எதுவும் வேண்டாம். டொயோட்டாவின் 'கன்பான்' அதே சங்கதிதான். ரோல், கேனுலா, ஐ.வி. செட், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு டப்பா வைத்தோம். முன் டப்பா காலியானால் அதைத் தூக்கி ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும், ஸ்டோர் ஆள் இரண்டு வேளை வந்து காலி டப்பாவை எடுத்துப்போய் நிரப்பித் தருவார். ஸ்டோருக்குச் சாமான் கேட்டு இண்டென்ட் எழுதுவது அடியோடு நின்றது. சிஸ்டர்கள் என்னை மனிதனாக மதிக்க ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான்.

சரி, இது சின்ன விஷயம். காரிடாரில் நிற்கும் ஸ்ட்ரெச்சர் பெரிய விஷயம், அதற்கு வருகிறேன்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரில் ஃப்ளிண்டர்ஸ் மெடிக்கல் சென்டர் என்ற அரசு போதனா மருத்துவமனை இருக்கிறது. அவசரப் பிரிவில் லீன் என்றால் நான் முதலில் சொல்வது அதைத்தான். 2003 வாக்கில் அங்கே இடமே இல்லாமல் நெரிசல், முன்பே தேதி கொடுத்த அறுவைச் சிகிச்சைகளை ரத்து செய்யும் நிலை. அவர்கள் முதலில் செய்த காரியம், ஒரு நோயாளி வாசலில் நுழைந்தது முதல் வெளியேறும் வரை நடப்பதையெல்லாம் அந்தந்த வேலையைச் செய்கிறவர்களையே உட்கார வைத்துச் சுவரில் வரைந்தது. அங்கே ட்ரியாஜில், அதாவது வந்தவரை அவசரத்தைப் பார்த்து வகை பிரிப்பதில், ஐந்து வகை, 1 உடனடி, 5 அவசரமில்லாதது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரைந்து பார்த்தபோது தெரிந்தது, ஐந்து வகைக்கும் ஐந்து வரிசை, ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் வரிசை மறுபடி கலைகிறது, அடுத்து யாரைப் பார்ப்பது என்று முடிவெடுப்பதே தனி வேலையாகிவிட்டது. 4ஆம் வகைக்காரர், கை முறிந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், தன் முறை வரும்போதெல்லாம் ஒரு 3ஆம் வகைக்காரர் உள்ளே நுழைய, பின்னால் தள்ளப்பட்டுக்கொண்டே போவார். ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய் டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்.

அவர்கள் கேள்வியை மாற்றினார்கள். 'எவ்வளவு அவசரம்' என்பதோடு, 'இவர் இன்றைக்கே வீட்டுக்குப் போகக்கூடியவரா, அட்மிட் ஆகக்கூடியவரா' என்று ட்ரியாஜ் நர்ஸ் வாசலிலேயே கணிக்க வேண்டும். இரண்டு ஓடை. வீட்டுக்குப் போகும் ஓடையில் இருப்பவர்களைத் தனிக் குழு பார்க்கும், பெரும்பாலும் வந்த வரிசைப்படியே. உயிருக்குப் போராடுகிறவருக்கு எப்போதும்போல வரிசை கிடையாது. ரேஷன் கடையில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஒரே வரிசை வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமில்லை.

பலன்: எல்லா வகை நோயாளிகளும் பிரிவுக்குள் இருக்கும் மொத்த நேரம் குறைந்தது, ஒரே சமயத்தில் உள்ளே இருப்பவர்கள் எண்ணிக்கை குறைந்தது, பார்க்காமல் கிளம்பிப் போகிறவர்கள் நன்றாகவே குறைந்தார்கள். ஆனால் இதையும் சொல்லவேண்டும், 2, 3ஆம் வகையினர் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரம் சற்றே கூடியது, 4ஆம் வகையினருக்குக் குறைந்தது. அவர்களே அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: வார்டில் படுக்கை கிடைக்காமல் தேங்கி நிற்பது கொஞ்சம்தான் குறைந்தது. ஏன் கொஞ்சம்தான் என்றால், அதன் வேர் அவசரப் பிரிவுக்குள் இல்லை.

இங்கே ஒரு கணக்கு. 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இது, போட்டுப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். மணிக்கு 6 பேர் வருகிறார்கள், ஒருவர் சராசரியாக 4 மணி நேரம் உள்ளே இருக்கிறார் என்றால் எந்த நேரத்தில் பார்த்தாலும் சராசரியாக 24 பேர் உள்ளே இருப்பார்கள். உங்களிடம் 18 படுக்கைதான் இருக்கிறதென்றால் மீதி 6 பேர் காரிடாரில். தங்கும் நேரத்தை 3 மணியாக்கினால் 18 பேர், காரிடார் காலி. கட்டடம் கட்டவேண்டியதில்லை. சராசரி என்பதால் சாயங்காலக் கூட்ட நேரத்தில் கொஞ்சம் வழியத்தான் செய்யும், ஆனாலும் தினமும் ஆறு பேர் வெளியே கிடப்பது நின்றுவிடும்.

அந்த ஒரு மணி நேரத்தை எங்கே குறைப்பது? கன்சல்டன்ட் உங்கள் சிஸ்டர்களை வேகமாக நடக்கச் சொல்லியிருப்பார். ஒரு இருபது நோயாளிகளுக்கு நேரம் குறித்துப் பாருங்கள். அட்மிஷன் என்று முடிவான பிறகு வார்டுக்குப் போகும்வரை கிடப்பதுதான் பெரும்பாலும் மிக நீளமான துண்டாக இருக்கும். வார்டில் படுக்கை ஏன் இல்லை? டிஸ்சார்ஜ் ஆனவர் இன்னும் படுத்திருக்கிறார். காலை பத்து மணி ரவுண்ட்ஸில் 'இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்மா' என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்மரி டைப் ஆக மதியம். மிச்ச மருந்தை பார்மசிக்குத் திருப்பி, பில் மூடி, இன்சூரன்ஸ் டெஸ்க்கில் டி.பி.ஏ. (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்மைப் பார்க்கும் இடை நிறுவனம்) அப்ரூவலுக்கு அனுப்பி, அந்த அம்மா சேலை மாற்றித் தலை வாரி பையோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார், மருமகன் நாலு தடவை கவுன்ட்டருக்கு நடப்பார், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கட்டில் காலியாகும், ஆறு மணிக்குத் துடைத்து முடிப்பார்கள். கீழே கேஷுவாலிட்டியில் பதினொரு மணியிலிருந்து ஒருவர் அதே கட்டிலுக்காக ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். உங்கள் காரிடாரில் நெரிசலை உண்டாக்குவது மேலே பில்லிங் கவுன்ட்டர். மஞ்சள் டேப்பை ஒட்டவேண்டிய இடம் அதுதான் என்றால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை.

இதில் இன்சூரன்ஸ் துண்டுக்கு இப்போது ஒரு பிடி இருக்கிறது. 2024 மே மாதம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட சுற்றறிக்கைப்படி, மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் கோரிக்கை போன 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தரவேண்டும், அதற்கு மேல் இழுத்தால் மருத்துவமனை கேட்கும் கூடுதல் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனிதான் ஏற்கவேண்டும். ஆனால் கோரிக்கையே பகல் ஒரு மணிக்குத்தான் போகிறது என்றால் அந்த மூன்று மணி நேரம் நான்கு மணிக்குத்தான் முடியும். நாளைக்குப் போகப்போகிறவர் யார் என்பது முந்தின நாள் மாலை ரவுண்ட்ஸிலேயே முக்கால்வாசி தெரியும். சம்மரியின் முக்கால் பாகத்தை ராத்திரி டியூட்டி டாக்டர் எழுதிவைக்கலாம், மிச்ச மருந்தை ராத்திரியே திருப்பிவிடலாம். ஒவ்வொரு வார்டிலும் பத்து மணிக்கு முன்னால் இரண்டே இரண்டு டிஸ்சார்ஜ் நடந்தால் உங்கள் மதிய நெரிசல் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

சேர்ந்து செய்யவேண்டியதை வரிசையாகச் செய்வது இன்னொரு பெரிய விரயம். இதற்கு ஸ்ட்ரோக் (பக்கவாதம்) நல்ல உதாரணம், ஏனென்றால் அங்கே நிமிடத்துக்கு விலை போட்டிருக்கிறார்கள்: பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் சிகிச்சையில்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவக் குழு டொயோட்டா முறையிலேயே தங்கள் ஸ்ட்ரோக் சிகிச்சையை அலசி 2012இல் வெளியிட்டது. நோயாளியை இங்கேயும் அங்கேயும் தள்ளிக்கொண்டு போவது, ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்ததைத் தொடங்குவது, ரத்த முடிவுக்காக உட்கார்ந்திருப்பது, இவைதான் நேரத்தைத் தின்றன என்று கண்டுபிடித்து மாற்றினார்கள். வாசலிலிருந்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும்வரை ஆன நேரம் சுமார் 60 நிமிடத்திலிருந்து 39க்கு இறங்கியது, மூளையில் ரத்தக்கசிவு கூடவும் இல்லை. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி மருத்துவமனை லீன் என்ற பெயர்கூடச் சொல்லாமல் இதையே பல வருடம் பொறுமையாகச் செய்தது. 1998இல் 105 நிமிடம், 2011இல் 20 நிமிடம். ஆம்புலன்ஸ் வழியிலேயே போன் செய்யும், நோயாளியின் பழைய விவரத்தை அதற்குள் எடுத்துவைப்பார்கள், வந்ததும் கட்டிலுக்கு மாற்றாமல் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேராக சி.டி. அறைக்கு, மருந்து அந்த மேசையிலேயே. பெரும்பாலும் வேலையின் வரிசையைத்தான் மாற்றினார்கள்.

நம்மூரிலும் பெயர் வைக்காமல் நடந்திருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உச்சவரம்புக்குள் அரசே பணம் கட்டுகிறது, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும். பணத்தைத் தாண்டி இதை ஒரு வேலை ஓட்டமாகப் பாருங்கள்: 'அட்வான்ஸ் கட்டுங்கள்' என்ற படி அப்படியே மறைந்துவிடுகிறது. ஒரு படியை வேகப்படுத்துவதைவிட இல்லாமல் ஆக்குவது எப்போதும் மேல்.

ஆள் குறைப்புக்கு வருகிறேன், உங்கள் பயம் நியாயமானது. லீன் என்ற பெயரில் 'சும்மா இருக்கும் ஆளை' எண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒரே டாக்டர், ஒருவரைப் பார்க்க சராசரி 10 நிமிடம், ஆட்கள் நேரம் காலம் இல்லாமல் வருகிறார்கள், பார்க்கும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறும். க்யூ கணக்கின் மிக எளிய மாதிரியில், டாக்டரின் நேரத்தில் 80 சதவீதம் வேலை என்றால் சராசரிக் காத்திருப்பு 40 நிமிடம். 90 சதவீதம் என்றால் 90 நிமிடம். 95 என்றால் 190 நிமிடம். கடைசி ஐந்து சதவீதம் 'ஓய்வை' மிச்சம் பிடிக்கப்போய் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. தொழிற்சாலையில் நாங்கள் வருகையைச் சமன் செய்துகொள்வோம், நாளைக்கு எத்தனை பம்பர் என்பது இன்றைக்கே தெரியும். மாரடைப்புக்கு அப்பாயின்ட்மென்ட் கிடையாது. ஆகவே அவசரப் பிரிவில் கொஞ்சம் கை காலியாக இருப்பது விரயத்தில் சேராது, தீயணைப்பு வண்டி நிலையத்தில் நிற்பதை விரயம் என்று யாராவது சொல்வார்களா? சமன் செய்ய முடிந்த ஒன்றும் இருக்கிறது: தேதி கொடுத்துச் செய்யும் ஆபரேஷன்கள். திங்கள், செவ்வாயில் எல்லா சர்ஜனும் குவித்து வைத்தால் அந்த இரண்டு நாளும் வார்டு நிரம்பும், அவசரத்தில் வந்தவருக்குக் கட்டில் இருக்காது. அதைப் பேசும் தைரியம் உங்கள் மேனேஜ்மென்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது, சர்ஜனிடம் போய் யார் சொல்வது.

கெட்டுப்போன கதைகளும் உண்டு. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் 2012இல் சுமார் 4 கோடி கனடிய டாலர் ஒப்பந்தத்தில் ஆலோசகர்களைக் கொண்டுவந்து மாகாணம் முழுக்க லீனைத் திணித்தது. ஜப்பானியச் சொற்களையும் வகுப்புகளையும் கண்டு நர்சுகள் கடுப்பாகி, அரசியல் சர்ச்சையாகி, காலம் முடியும் முன்பே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் வேறு மாதிரி: 4 மணி நேரத்துக்குள் 98 சதவீதம் பேரை அனுப்பவேண்டும் என்று 2004 வாக்கில் இலக்கு. நேரம் உண்மையிலேயே குறைந்தது, ஆனால் வரைபடம் போட்டுப் பார்த்தால் நான்கு மணி நேரம் முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு பெரிய கூர்முனை, அந்தக் கடைசி இருபது நிமிடத்தில் கும்பலாக அட்மிட் செய்து தள்ளியிருக்கிறார்கள். எண்ணுக்கு பயந்தால் எண் மட்டும் சரியாகும். சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை இன்றும் பேசப்படுவதற்கு நான் நினைக்கும் காரணம் வேறு: 2002இல் அதன் தலைமை நிர்வாகிகளே ஜப்பான் போய்த் தொழிற்சாலைத் தரையில் நின்று கற்றுக்கொண்டார்கள், திரும்பி வந்து, ஆபத்து என்று பட்டால் எந்த ஊழியரும் வேலையை நிறுத்தலாம் என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். உங்கள் அட்டெண்டர் ஒரு சீனியர் டாக்டரைப் பார்த்து 'சார், ஒரு நிமிஷம் நில்லுங்க' என்று சொல்ல முடியுமா?

உங்களால் நாளைக்கே செய்ய முடிந்தது இவ்வளவுதான். ஒரு தாளில் ஐந்து பத்தி போடுங்கள்: வாசல், டாக்டர் பார்த்தது, ரிப்போர்ட் கைக்கு வந்தது, அட்மிஷன் முடிவானது, வார்டுக்குக் கிளம்பியது. இருபது பேருக்கு மணியும் நிமிடமும் மட்டும் எழுதுங்கள், யார் டியூட்டி என்று எழுதவேண்டாம், எழுதினால் அடுத்த நாளே எல்லா எண்ணும் அழகாகிவிடும். அந்தத் தாளை நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட் மேடத்திடம் கொடுக்கும் முன்னால் பில்லிங் இன்சார்ஜோடு ஒரு டீ குடியுங்கள். அவரும் உங்களை மாதிரி யாரோ ஒருவரின் கையெழுத்துக்காகத்தான் உட்கார்ந்திருப்பார். கன்சல்டன்ட் ஒட்டிய டேப்பை முழுக்கப் பிய்க்கவேண்டாம், ஈ.சி.ஜி. மெஷினுக்கு அடியில் இருப்பதை மட்டும் விட்டுவையுங்கள், ராத்திரி யாராவது இரவல் வாங்கிப் போனால் காலியான கட்டம் காலையில் முதலில் கண்ணில் படும்.